கீறினால் நடக்கும் பள்ளிக்கூடம்

பதினாறு வருடம் நான் ஒரு சொல்லைச் சொல்லாமல் இருந்தேன். கெட்ட சொல் ஒன்றும் இல்லை. எங்கள் தீவில் பாலர் வகுப்புப் பிள்ளைகூட நாளைக்குப் பத்துத் தரம் சொல்கிற சொல்தான். படம் வரைவதை நாங்கள் படம் கீறுவது என்போம். “ரீச்சர், பூ கீறட்டோ?” “அம்மா, எனக்கொரு கிளி கீறித் தாங்கோ.” இப்படித்தான் எல்லோரும் பேசுவார்கள். நான் மட்டும் ‘வரை’ என்பேன். எங்கள் தீவுப் பள்ளிக்கூடத்திலேயே நான் ஆசிரியையாகச் சேர்ந்தபோது பிள்ளைகள் இதற்காக என்னைப் பழித்துக் காட்டினார்கள். “எங்கட ரீச்சருக்குக் கீறத் தெரியாது, வரையத்தான் தெரியும்” என்று ஒருவன் சொல்ல, வகுப்பே சிரித்தது. கூடப் படிப்பித்தவர்கள் படித்த கொழுப்பு என்றார்கள். கொழுப்பாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். காரணத்தைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எங்கள் வீடு அனலைதீவில். அப்பா கொழும்பில் ஒரு கடையில் நின்றார். வருடத்தில் மூன்று தரம் வருவார். கல்வீடு கட்டுகிற ஆசையில், பழைய வீட்டுக்குப் பக்கத்தில் ஓர் அறைக்கு அத்திவாரம் போட்டு, நிலத்துக்குச் சீமெந்து பூசி, சுவரை இடுப்பளவுக்கு எழுப்பி வைத்திருந்தார். அதோடு வேலை நின்றுவிட்டது. அக்காவுக்கு வருத்தம் வந்ததுதான் காரணம்.

அக்கா என்னைவிட நான்கு வயது மூத்தவள். எட்டு வயதில் மூட்டு வீக்கத்தோடு காய்ச்சல் வந்து படுத்தாள். காய்ச்சல் மாறி எழும்பியபோது நெஞ்சு பழுதாகியிருந்தது. நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்கும். உதடு நாவற்பழம் தின்றவளின் உதடு போல இருக்கும். பள்ளிக்கூடம் அரைக் கட்டை, அதாவது அரை மைல் தூரம்தான், ஆனால் அந்த அரைக் கட்டையும் அவளுக்கு ஏலாமல் போனது. நான் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு படலையைத் திறக்கும்போது அவள் கதிரையில் இருந்தபடி பார்ப்பாள். எனக்கு அப்போது எட்டு வயது, அவளுக்குப் பன்னிரண்டு. நான் அப்படியொன்றும் நல்ல பிள்ளை இல்லை. அவளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் சந்தோசமும் இருந்தது. கணக்கிலும் வாசிப்பிலும் அவள் என்னை விழுத்திவிடுவாள் என்று எனக்குத் தெரியும். இனி விழுத்த ஏலாதே.

அந்தச் சந்தோசத்தில்தான் அந்தக் கட்டிமுடியாத அறையில் நான் ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினேன். கூரை இல்லை, கதவு இல்லை. சீமெந்து நிலம்தான் கரும்பலகை. பள்ளிக்கூடத்தில் கையாடிய வெண்கட்டித் துண்டுகள் என் சட்டைப் பையில் எந்நேரமும் கிடக்கும். நான் பெரிய ரீச்சர். அக்கா மாணவி. வீட்டில் நான் அவளை ‘நீ’ என்றுதான் கூப்பிடுவேன். பள்ளிக்கூடத்துக்குள் வந்துவிட்டால் ‘நீர்’. எங்கள் ரீச்சர் எங்களைக் கூப்பிடுவது அப்படித்தான். அவள் என்னை ‘நீங்கள்’ என்பாள். பன்னிரண்டு வயதுப் பெண், எட்டு வயதுப் பிள்ளையை ‘நீங்கள்’ என்பதில் எனக்கிருந்த கொண்டாட்டத்தை என்னவென்று சொல்வது.

ஒரே ஒரு மாணவியை வைத்து இடாப்பில் பெயர் கூப்பிட்டால் அழகாக இருக்காது என்று நான் குறைப்பட்டேன். அதற்கு அவள் சுவரோரமாக இருந்துகொண்டு, பூசாத சுவரின் அடிப்பக்கம் முழுக்க முகங்களாகக் கீறினாள். நாற்பது பேர். முட்டைக் கண்ணன், கோணல் வாய், பல்லி வால் பின்னல், எந்நேரமும் அழுகிறவள், சாப்பாட்டுப் பொட்டலத்தை மறைக்கிறவன் என்று ஒவ்வொரு முகமும் வேறு வேறு. நான் இடாப்புக் கூப்பிட, அவள் நாற்பது குரலில் “வந்தன் ரீச்சர்” என்பாள். முப்பதாவது குரலுக்கு வரும்போது அவளுக்கு மூச்சு முட்டும். மிச்சப் பத்துப் பேரை நான் காய்ச்சல் என்று விட்டுவிடுவேன்.

அது முதலில் சும்மா பள்ளிக்கூடமாகத்தான் இருந்தது. ஒரு நாள் அவள் தீவுக்கு ஆட்களை ஏற்றி வருகிற லோஞ்சுப் படகு ஒன்றையும் அதில் குடையோடு நிற்கிற அப்பாவையும் கீறினாள். அடுத்த நாள் சொல்லாமல் கொள்ளாமல் அப்பா வந்து இறங்கினார், கையில் குடையோடு. காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதைதான். ஆனால் நாங்கள் இருந்ததோ பனைக்கும் காகத்துக்கும் நடுவில். அன்றே பள்ளிக்கூடத்தின் சட்டம் மாறியது. இங்கே கீறினது நடக்கும். அக்கா அதற்குப் பெயரும் வைத்தாள்: கீறு மகா வித்தியாலயம்.

பிறகென்ன, நாங்கள் ஆட்டுக்கு வயிற்றில் இரண்டு குட்டி கீறினோம், இரண்டு போட்டது. முகில் கீறினோம், மூன்று நாள் பிந்தி மழை பெய்தது. முகிலைச் சின்னதாகக் கீறியதால்தான் மழை பிந்தியது என்று பெரிய ரீச்சர் தீர்ப்புச் சொன்னேன். அப்படியும் ஒரு சட்டம் போட்டிருந்தேன். நடக்காவிட்டால் மந்திரத்தில் பிழை இல்லை, கீறினவரில்தான் பிழை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தச் சாட்டு என் பள்ளிக்கூடத்தில் எடுபடாது. பெரும்பாலும் கீறுவது அக்கா என்பதால் இந்தச் சட்டம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அது ஒரு நாள் திரும்பி என்னையே கடிக்கும் என்று எனக்கு எங்கே தெரியும்.

வள்ளம் கீறுவதில் எங்களுக்குள் ஒரு சண்டை வந்தது. எனக்குப் பாயில்தான் ஆசை. முதலில் பாயைப் பெரிதாகக் கீறிவிட்டு, பிறகு வள்ளத்துக்கு இடம் காணாமல் முழிப்பேன். அக்கா முதலில் ஒரே இழுப்பில் அடிக்கோட்டைப் போடுவாள். இடமிருந்து வலம், பிறை போல வளைந்து போகும். அதற்கு மேல்தான் மரம், பாய், ஆட்கள் எல்லாம். “அடி இல்லாமல் வள்ளம் மிதக்குமோ, ரீச்சர்?” என்று கேட்டாள். மாணவி ரீச்சருக்குச் சொல்லித் தருவதா என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “எழும்பி நில்லும்” என்றேன். அவள் எழும்பி நின்றாள். நான் என் பாட்டுக்குப் பாய் கீறிக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. நிமிர்ந்து பார்த்தபோது அவள் சுவரைப் பிடித்தபடி நிற்கிறாள், உதடு நீலம், சட்டைக்குமேல் நெஞ்சு துள்ளுவது தெரிகிறது. இருக்கட்டோ என்று ஒரு சொல் கேட்கவில்லை. “இரும், இரும்” என்று அழுதுகொண்டு ஓடிப்போய்ப் பிடித்தேன். அவள் இருந்து, மூச்சு வந்தபிறகு, “நீங்கள் இருக்கச் சொல்லேல்லையே, ரீச்சர்” என்றாள்.

அடுத்த நாள், வள்ளத்துக்கு அடிக்கோடு முதலில் என்பதைச் சட்டமாக அறிவித்தேன், நானே கண்டுபிடித்தது போல. அவள் ஓம் என்று தலையாட்டினாள்.

அந்த வருடம் ஆடியில் அப்பா வந்தபோது முகம் சரியில்லை. கொழும்புப் பெரியாஸ்பத்திரியில் டொக்டரிடம், ஊர் ஆஸ்பத்திரியில் அக்காவைப் பற்றி எழுதித் தந்த கடிதங்களையும் எக்ஸ்ரே படங்களையும் காட்டியிருந்தார். நெஞ்சுக்குள் ஒரு கதவு ஒட்டிப்போய்க் கிடக்கிறது, சத்திரசிகிச்சை செய்து அதைத் திறந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு வருடம் தாங்காது என்று அவர் சொல்லியிருந்தாராம். அக்கா போக மாட்டேன் என்றாள். சத்தம் போடுகிற பிள்ளை இல்லை அவள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, “எனக்கு ஏலாது, எனக்கு ஏலாது” என்று மட்டும் சொன்னாள். அம்மா கெஞ்சினாள். அப்பா வெருட்டினார், பிறகு அவரும் கெஞ்சினார். மூன்று நாள் இதே பாடு. பத்து நாள் லீவில் வந்த அப்பாவுக்கு நாள் போய்க்கொண்டிருந்தது.

நாலாம் நாள் பின்னேரம் குசினிக்குப் பின்னால் விறகு எடுக்கப் போன எனக்கு அப்பாவின் குரல் கேட்டது.

“நெஞ்சைக் கீறினால்தான் தப்புவாள் எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். கீறாமல் விட்டால் ஆளைப் பறி குடுக்க வேண்டியதுதான்.”

அம்மா அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. கீறுவது என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதானே. கொழும்பில் இருக்கிற பெரிய டொக்டர் அக்காவின் நெஞ்சில் கீறப் போகிறார்! கீறினது நடக்கும் என்பது கொழும்பு வரைக்கும் தெரிந்திருக்கிறது! இதற்குப் போய் இவள் ஏன் கதவு நிலையைப் பிடிக்கிறாள் என்று நினைத்தேன். விறகைப் போட்டுவிட்டு ஓடினேன். அவளை அறைக்குக் கூட்டிவந்து, சீமெந்தில் இருத்தி, பெரிய ரீச்சராக முன்னால் நின்றேன்.

“உமக்கு நெஞ்சில கீறப் போகினமாம்.”

அவள் கையிலிருந்த வெண்கட்டியைக் கீழே வைத்தாள்.

“ஆர் சொன்னது, ரீச்சர்?”

“அப்பா சொன்னவர். நான் என்ர காதால கேட்டனான்.”

“என்ன கீறுவினமாம்?”

“அதை நான் கேக்கேல்லை. நல்ல நெஞ்சு ஒண்டு கீறுவினமாக்கும். இல்லாட்டி, அந்தக் கதவு ஒட்டிக் கிடக்காமே, அதைத் திறந்தபடி கீறுவினம். உமக்கு விளங்கேல்லையோ? கீறினால் நடக்கும்!”

அவள் நெடுநேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையை நான் இத்தனை வருடமும் எடுத்து எடுத்துப் பார்த்திருக்கிறேன். பிறகு சிரித்தாள்.

“பெரிய டொக்டருக்கு நல்லாக் கீறத் தெரியுமோ?”

“தெரியாமலோ! கொழும்பில படிச்சவர்.”

“அப்ப சரி, ரீச்சர். நான் போறன்.”

அன்று இரவுச் சாப்பாட்டில் போகிறேன் என்று அம்மாவிடம் அவளே சொன்னாள். அம்மா அப்படியே அவளைக் கட்டிப்பிடித்தாள். நான் பெருமையில் ஊதிப்போய் இருந்தேன். பெரிய ஆட்கள் மூன்று நாள் கெஞ்சியும் முடியாததை நான் ஒரு பாடத்தில் முடித்துவிட்டேன் அல்லவா.

அதிலிருந்து மூன்றாம் நாள் புறப்பட்டோம். இறங்குதுறைக்கு அப்பா அக்காவைத் தூக்கிக்கொண்டு நடந்தார். லோஞ்சில் ஊர்காவற்றுறை, அங்கிருந்து பஸ். அவர்கள் மூவரும் யாழ்ப்பாணம் போய் ரயில் ஏற வேண்டும். என்னைப் புளியங்கூடலில் பெரியம்மா வீட்டில் விடுவதாக ஏற்பாடு. பஸ் நின்றதும் பெரியம்மா என்னை இறக்கினா. யன்னலால் அக்கா எட்டிப் பார்த்தாள். அது வீடும் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை. ‘நீ’ என்பதா, ‘நீர்’ என்பதா என்று தெரியாமல் நான் நின்றேன். அவளே தொடங்கினாள்.

“ரீச்சர், ஒவ்வொரு நாளும் ஒரு வள்ளம் கீறுங்கோ. நான் அதில இஞ்சாலப் பாத்துக்கொண்டு இருக்கிற மாதிரி. திரும்பி வாறதுக்கு.”

“கீறுவன்.”

“மறக்கக் கூடாது.”

“உமக்கென்ன விசரோ, நான் மறப்பனோ!” என்று கத்தினேன். பஸ் எடுத்துவிட்டது.

பெரியம்மா வீட்டு மாட்டுக் கொட்டிலின் பின்சுவரில் நான் தினமும் வள்ளம் கீறினேன். காலையில் முகம் கழுவியதும் அதுதான் முதல் வேலை. அடிக்கோடு, மரம், பாய், பிறகு என் பக்கம் பார்த்தபடி அக்கா. பெரியம்மா ஏசவில்லை. ஆஸ்பத்திரியில் கட்டில் கிடைக்கவும் சோதனைகள் முடியவும் நாள் இழுத்தது. பதினெட்டு வள்ளம் கீறியாயிற்று. ஆவணி விடுமுறை வந்தது. பிள்ளை ஏங்கிப்போய் இருக்கிறாள் என்று பெரியம்மா என்னைக் கடலுக்குக் கூட்டிப்போக நினைத்தா. விடிய வெள்ளனப் பெரியப்பா வண்டில் பூட்டினார். நித்திரைத் தூக்கத்தில் என்னைத் தூக்கி வண்டிலில் வைத்தார்கள். நாங்கள் சாட்டிக்குப் போனோம்.

சாட்டிக் கடல் எங்கள் தீவுக் கடல் போல இல்லை. கல் இல்லை, காலைக் குத்தாது. தூரம் வரைக்கும் இடுப்பளவு தண்ணீர், வெள்ளை மணல். நான் அன்றைக்குச் சிரித்த மாதிரி அதற்கு முன்னும் சிரித்ததில்லை, பின்னும் சிரித்ததில்லை. பெரியப்பா என்னைத் தூக்கித் தூக்கித் தண்ணீரில் போட்டார். மணலில் இருந்து கட்டுச்சோறு சாப்பிட்டோம். திரும்பவும் இறங்கினோம். பின்னேரம் வண்டிலில் ஏறியதும் நித்திரையாகிவிட்டேன். கொட்டில் சுவர் என் நினைவிலேயே வரவில்லை.

அடுத்த நாள் காலை, நான் முகம் கழுவுவதற்கு முன்பே தந்தி வந்தது. அக்கா முதல் நாள், நாங்கள் சாட்டியில் நின்ற அன்று, சத்திரசிகிச்சை மேசையிலேயே போய்விட்டாள். பெரியம்மா முற்றத்தில் இருந்து குழறினா. நான் கொட்டிலின் பின்னால் ஓடினேன். வள்ளங்களை எண்ணினேன். பதினெட்டு. திரும்பவும் எண்ணினேன். பதினெட்டுத்தான்.

அவளைக் கொழும்பிலேயே எரித்துவிட்டார்கள். அவள் முகத்தை நான் திரும்பப் பார்க்கவில்லை. அம்மாவும் அப்பாவும் ஒரு துணிப்பையோடு வந்து இறங்கினார்கள். என்னைக் கூட்டிக்கொண்டு தீவுக்குப் போனார்கள். செத்தவீட்டுக்கு வந்தவர்களின் கண்ணில் படாமல் நான் அந்த அறைக்குள் போனேன். மழைக்கு அழிந்த முகங்களை அக்கா திரும்பக் கீறியபிறகு மழையே இல்லை. சுவரில் நாற்பது பேரும் அப்படியே இருந்தார்கள். முட்டைக் கண்ணன் என்னையே பார்த்தான். நடக்காவிட்டால் மந்திரத்தில் பிழை இல்லை, கீறினவரில்தான் பிழை. யார் அன்றைக்குக் கீறவில்லை என்று அந்த நாற்பது பேருக்கும் தெரியும் என்று எனக்குப் பட்டது. கிணற்றடிக்குப் போய் வாளியால் தண்ணீர் கொண்டுவந்து சுவரில் ஊற்றித் தேய்த்தேன். நாலு வாளி ஊற்றினேன். கோணல் வாய் போனது, பல்லி வால் பின்னல் போனது. அழுகிறவள் கடைசியாகப் போனாள்.

அம்மா வந்து வாசலில் நின்றாள். ஈரச் சுவரைப் பார்த்தாள். பிறகு வந்து என் கன்னத்தில் ஓர் அறை விட்டாள். என் வாழ்நாளில் அம்மா என்னை அடித்தது அந்த ஒரு தரம்தான். “தண்ணி இல்லாத காலத்தில...” என்று தொடங்கினாள், முடிக்கவில்லை. அடித்தது தண்ணீருக்காக என்றுதான் நான் நினைத்துக்கொண்டேன்.

பத்து வயதில் எனக்குத் தொடையில் ஒரு சீழ்க்கட்டி வந்தது. பழுத்துப்போய் நடக்க முடியவில்லை. ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரியில் டொக்டர் பார்த்துவிட்டு, “இதைக் கீறித்தான் விடோணும்” என்றார். கத்தியை எடுத்தார். அந்தக் கத்தியைப் பார்த்த கணத்தில் எனக்கு எல்லாம் விளங்கியது. நான் போட்ட கூச்சலுக்கு நோவுதான் காரணம் என்று அம்மா நினைத்தாள். கத்தி என்னில் இன்னும் தொடவே இல்லை. என்ன சொல்லி, எதற்குள் என் அக்காவை நான் அனுப்பினேன் என்று அப்போதுதான் தெரிந்தது. அவள் என்னை நம்பித்தான் போனாள். நான் ஏமாற்றி அனுப்பினேன், அனுப்பிவிட்டுக் கடலில் விளையாடினேன். அந்தச் சொல்லை விட்டது அன்றைக்குத்தான்.

வருடங்கள் போயின. நான் படித்து உத்தியோகம் எடுத்தேன். அப்பா கடையை விட்டுவிட்டு ஊரோடு வந்தார். அந்த அறைக்குச் சுவர் எழுப்பி, ஓடு போட்டு, அதைக் குசினி ஆக்கினோம். நிலம் மட்டும் அதே சீமெந்துதான். நானும் அம்மாவும் அன்பில்லாமல் வாழவில்லை. ஆனால் அக்காவின் பேச்சு வந்தால் இருவரும் ஒவ்வொரு வேலையாக எழும்பிப் போய்விடுவோம். எங்களுக்குள் ஒரு கதவு ஒட்டிப்போய்க் கிடந்தது.

எண்பதுகள் பிறந்த சமயம். அம்மாவுக்குச் சீனி வருத்தமான சலரோகத்தால் இரண்டு கண்ணிலும் படலம் பிடித்துவிட்டது. யாழ்ப்பாணத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். சத்திரசிகிச்சை வேண்டும் என்றார்கள். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு பின்னேரம் குசினியில் இருந்து புட்டுக்கு மா அரித்துக்கொண்டிருந்தாள், பாதி தடவித் தடவித்தான். நான் பக்கத்தில் இருந்து தேங்காய் துருவியபடி அவளைச் சம்மதிக்கவைக்கப் பார்த்தேன்.

“கண்ணில சின்னனா ஒரு... ஒரு வெட்டுத்தான் அம்மா. வெட்டி அந்தப் படலத்தை எடுத்துவிடுவினம்.”

அம்மா அரிதட்டை நிறுத்தினாள்.

“கீறுறது எண்டு நீ சொல்லமாட்டியே பிள்ளை?”

நான் தேங்காயை வைத்துவிட்டேன்.

“எனக்குக் கண்தான் மங்கல், காது நல்லாக் கேக்கும். பத்து வயசில இருந்து நீ அந்தச் சொல்லைச் சொன்னதே இல்லை. அவளை நீதான் அனுப்பினனீ எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறாய்.”

“நான்தானே அம்மா சொன்னனான். படம் கீறப் போகினம் எண்டு சொல்லி...”

“அவளுக்குப் பன்னிரண்டு வயசு. கீறுறது எண்டால் வெட்டுறது எண்டு அவளுக்குத் தெரியாதோ? அண்டைக்கு இரவே என்னட்டச் சொன்னவள். தங்கச்சி அதைப் படம் எண்டு நினைச்சுக்கொண்டு நிக்கிறாள், ஒருத்தரும் விளக்கம் சொல்லி அவளைப் பயப்பிடுத்தக்கூடாது எண்டு. அவள் இவ்வளவு சந்தோசமாச் சொல்லேக்கை ஏலாது எண்டு எப்பிடியம்மா சொல்லுறது எண்டு கேட்டவள்.”

அம்மா என்னைப் பார்க்கவில்லை. மாவைப் பார்த்தபடி சொல்லிக்கொண்டு போனாள்.

“இன்னும் ஒண்டு கிடக்கு. கண் போக முதல் சொல்லிப்போடோணும். ஒப்பரேசன் அண்டு காலமை டொக்டர் வந்து, எங்க வெட்டுறது எண்டு ஊதா மையால அடையாளம் போட்டவர். இடப்பக்கம், நெஞ்சுக்குக் கீழால தொடங்கி, கைக்குக் கீழால முதுகுக்குப் போகுது. அவர் போனாப்பிறகு இவள் என்னைக் கூப்பிட்டாள். அம்மா, தங்கச்சி சொன்னது சரிதான், அவை முதல் கீறித்தான் இருக்கினம், என்ன கீறியிருக்கினம் எண்டு எனக்குத் தெரியேல்லை, நீங்கள் பாத்துச் சொல்லுங்கோ எண்டாள். நான் பாத்தனான். வளைஞ்சு ஒரு கோடு கிடந்தது. வள்ளத்தின்ர அடி மாதிரிக் கிடக்கு பிள்ளை எண்டு சொன்னன். சிரிச்சாள். அடிக்கோடு போட்டாச்சு, மிச்சத்தைத் தங்கச்சி கீறட்டும் எண்டு அவளுக்குச் சொல்லிவிடுங்கோ எண்டாள். பிறகு நேர்ஸ் மிசி வந்து தள்ளிக்கொண்டு போட்டா.”

அடுப்பில் தண்ணீர் கொதிக்கத் தொடங்கியிருந்தது. எழும்பிப் போய் இறக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை.

“அண்டைக்கு நான் கீறேல்லை அம்மா” என்றேன். அதை ஒருவரிடம் வாய் விட்டுச் சொன்னது அதுதான் முதல் தரம். “மறந்துபோனன். சாட்டிக்குப் போனனாங்கள்.”

“தெரியும். பெரியம்மா சொன்னவா. பிள்ளை நல்லாச் சிரிச்சது, நல்லா விளையாடினது எண்டு என்னைத் தேற்றத்தான் சொன்னவா. எனக்கு வயிறு எரிஞ்சுது. வந்து பாத்தால், அவள் கீறி வைச்ச முகமெல்லாத்தையும் நீ கழுவிப்போட்டாய். அவளின்ர எண்டு வேற என்ன கிடந்தது எனக்கு? அதுக்குத்தான் அடிச்சனான், தண்ணிக்கில்லை. அவள் சொல்லிவிட்டதைச் சொல்லக்கூடாது எண்டு வைராக்கியமா இருந்தன். பேந்து காலம் போகச் சொல்ல வெக்கமாப் போச்சு. எட்டு வயசுப் பிள்ளை கடலைக் கண்டால் சிரிக்காமல் என்ன செய்யும்? அந்தப் பிள்ளையில போய்க் கோவிச்சனே நான்.”

அம்மா அழுதாள். நானும் அழுதேன். யார் யாரை மன்னிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியாது.

கண்ணைத் துடைத்துவிட்டு, அந்தக் கோடு எப்படி இருந்தது என்று கேட்டேன். அம்மா முறம் போன்ற சுளகில் கிடந்த மாவைக் கையால் பரவினாள். சுட்டுவிரலால் இடமிருந்து வலமாக ஒரே இழுப்பாக இழுத்தாள். கண் தெரியாவிட்டாலும் கோடு பிசகவில்லை. அந்த வளைவை அவள் எத்தனை தரம் மனதுக்குள் இழுத்துப் பார்த்திருப்பாள்.

நான் சுளகை என் மடிக்கு இழுத்தேன். அடிக்கோட்டின் மேல் மரத்தை வைத்தேன். பாயை அளவாக வைத்தேன். பிறகு இந்தப் பக்கம் பார்த்தபடி ஒருத்தியை இருத்தினேன். அம்மா கழுத்தை நீட்டி, முகத்தைச் சுளகுக்குக் கிட்டக் கொண்டுவந்து பார்த்தாள்.

“எனக்குத் தெரியேல்லை பிள்ளை. என்ன செய்தனீ?”

“கீறினனான் அம்மா. மிச்சத்தைக் கீறினனான்.”

சுளகைக் கொண்டுபோய் அலுமாரிக்கு மேல் ஆடாமல் வைத்தோம். அன்று புட்டு அவிக்கவில்லை. அப்பா கடைக்குப் போய்ப் பாண் வாங்கிவந்தார்.